வின்ச் கொக்கி: உடைவதைவிட நழுவுவதுதான் ஆபத்து

ஞாயிற்றுக்கிழமை இரவு ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் கடற்பாலத்தில் சேறு அப்பிய வண்டிகள் ஊர்ந்து வரும்போது என் கண் நேரே பம்பருக்குத்தான் போகும். சேற்றில் புதைந்த வண்டியை வடம் சுற்றி இழுத்து மீட்கும் வின்ச் எந்திரமும் அந்த வடத்தின் நுனிக் கொக்கியும் அங்கேதான் இருக்கும். தொழில் புத்தி. துவாஸ் பக்கம் பாரந்தூக்கும் சாதனங்களைச் சோதிக்கும் வேலை என்னுடையது. கொக்கி, ஷேக்கிள் (குறுக்கே பின் செருகும் U வடிவ இரும்பு வளையம்), ஸ்லிங் (பாரம் கட்டும் பட்டை), இவற்றோடுதான் பகல் முழுக்க. அந்த வண்டிகளில் தொங்கும் கொக்கிகளில் பல எங்கள் மேசைக்கு வந்தால் ஒதுக்கித்தான் வைப்போம். சிலவற்றில் வாயை மூடும் லாட்ச் வளைந்திருக்கும், சிலவற்றில் லாட்சே இருக்காது.

இந்தத் தீவில் வின்ச்சுக்கு வேலை குறைவு. சேறு வேண்டுமென்றால் ஜொகூரில் கோத்தா திங்கி, மெர்சிங் என்று செம்பனைத் தோட்டப் பாதைகளைத் தேடிப் போகவேண்டும். அதுவும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் ஆட்களுக்கு ஆசை அதிகம். 1997இல் மலேசியாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற காட்டுப்பாதை வண்டிப் போட்டியையே மழைக்காலம் பார்த்துத்தான் வைக்கிறார்கள். ஆக, வின்ச் வேலை செய்யும் இடம் எப்போதும் வழுக்கலும் இருட்டும் அவசரமும் உள்ள இடம்.

நண்பர்கள் வழக்கமாகக் கேட்பது இதுதான்: “அண்ணே, நல்ல பெரிய கொக்கியா ஒண்ணு சொல்லுங்க.”

பெரியது எதற்கு? கணக்கைப் பாருங்கள். 9,500 பவுண்டு வின்ச் என்றால் இழுவை சுமார் 4.3 டன். அதுவும் வடம் சுற்றும் உருளையான டிரம்மில் ஒரே அடுக்கு வடம் மிச்சம் இருக்கும்போதுதான். மேல் அடுக்குகளில் இழுவை குறைந்துகொண்டே போகும். அந்த அளவு வின்ச்சில் பரவலாக வரும் 8 மி.மீ. எஃகுக் கம்பிவடம் அறுபடும் எல்லை சுமார் 4.4 டன். இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன இடைவெளி இருக்கிறது? பாரந்தூக்கிக் கம்பிவடத்தில் தூக்கும் பாரத்தைப்போல் ஐந்து மடங்கு வலிமை கேட்பது எங்கள் தொழிலில் சாதாரணம். வின்ச் படுக்கைவாட்டில் இழுப்பது என்பதால் அந்தக் கெடுபிடி அதற்கு இல்லை. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதித்து ஒரு வெட்டு வெட்டினால் இருக்கிற சிறு இடைவெளியும் போய்விடும்.

இப்போது கொக்கி. கிரேடு என்பது எஃகின் வலிமைத் தரம். கிரேடு 70 வகையில் பத்து மில்லிமீட்டர்க் கொக்கியின் வேலைப்பளு வரம்பு, அதாவது வழக்கமாக ஏற்றலாம் என்று தயாரித்தவர் சொல்லும் பாரம், ஏறத்தாழ 3 டன். உடையும் எல்லை அதன் நான்கு மடங்கு, 12 டன்னுக்குப் பக்கம். சரியாக மாட்டப்பட்ட நல்ல கொக்கி உடைவதற்கு வெகுமுன்பே கம்பிவடம் அறுந்துவிடும். அப்படியிருக்க, இன்னும் பெரிய கொக்கி வாங்குவதால் கூடுவது பாதுகாப்பு அல்ல. வடம் அறுந்தால் பறந்து வரப்போகும் இரும்பின் எடை.

‘சரியாக மாட்டப்பட்ட’ என்று சொன்னேன். சேற்றில் அதுதான் நடப்பதில்லை. பாரம் கொக்கியின் அடிவளைவில் உட்கார்ந்திருக்கும் வரைக்குமே அந்த 12 டன் கணக்கு. வண்டி ஓர் அங்குலம் முன்னால் வந்து வடம் தளரும். கொக்கி புரளும். பிடிமானத்துக்காக மரத்தைச் சுற்றிய பட்டையின் கண் (நுனி வளையம்) மேலேறி லாட்ச்சின்மேல் சாயும். மறுபடி வின்ச் இழுக்கும்போது பாரம் முழுவதும் கொக்கியின் நுனியிலோ, மெல்லிய தகட்டாலான அந்த லாட்ச்சிலோ விழும். லாட்ச் சட்டைப்பைப் பொத்தான் மாதிரி. குனிந்தால் பேனா விழாமல் பார்த்துக்கொள்ளும், பேனாவைப் பிடித்து இழுத்தால் தாங்காது. நுனியில் பாரம் ஏறினால் கொக்கியின் வலிமையும் பல மடங்கு குறைந்துவிடும்.

லாட்ச் கெடுவதற்கு இன்னொரு காரணம் நம்மவர்களின் பழக்கம். வேலை முடிந்ததும் கொக்கியை பம்பர் கம்பியில் மாட்டி, ஆடாமல் இருக்கட்டும் என்று வின்ச்சால் இறுக்கிவிடுகிறார்கள். கொக்கி குறுக்காகச் சிக்கி லாட்ச் அங்கேயே வளைகிறது. மிச்சத்தை ஜொகூர்ச் செம்மண்ணும் நம் ஊர் உப்புக்காற்றும் பார்த்துக்கொள்ளும்: ஸ்பிரிங் துருப்பிடித்து, திறந்த லாட்ச் திறந்தபடியே நிற்கும்.

ஆகவே என் பதில், முடிந்தால் கொக்கியையே விட்டுவிடுங்கள். வடத்தின் நுனியில் வாய் திறக்காத வளையம் வரட்டும். மூடிய வின்ச் இணைப்பு என்று தனியாகவே விற்கிறார்கள். ஃபேக்டர் 55 போன்ற நிறுவனங்கள் அதிலேயே பெயரெடுத்தவை. அதன் துளை வழியாக வில் ஷேக்கிளின் பின்னைச் செருகி, பட்டையின் இரண்டு கண்களையும் ஷேக்கிளின் வளைவில் போட்டுவிட்டால், வடம் தளர்ந்தாலும் புரண்டாலும் எதுவும் கழன்று போக வழியில்லை. ஷேக்கிள் பின்னை முழுக்க முடுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்தச் சொல்பவர்கள் உண்டு. நான் தளர்த்துவதில்லை. பின்னின் தோள்பட்டை ஷேக்கிளோடு ஒட்டி உட்காரவேண்டும் என்றுதான் எங்கள் வேலையிடங்களில் சொல்லிக்கொடுக்கிறோம்.

இதிலும் ஒரு குறை உண்டு. 4.75 டன் முத்திரையிட்ட 19 மி.மீ. வில் ஷேக்கிளின் எடை ஒன்றேகால் கிலோவை ஒட்டும். மரத்தைச் சுற்றிய பட்டை அறுந்தால் அந்த இரும்பும் வடத்தோடு சேர்ந்துதான் வண்டியை நோக்கி வரும். எஃகு வடத்துக்குப் பதில் செயற்கை இழைக்கயிறு போட்டிருப்பவர்கள் இரும்பு ஷேக்கிளுக்குப் பதிலாக மென் ஷேக்கிள் போடுவது இதனால்தான். டைனீமா போன்ற இழையால் பின்னிய முடிச்சு வளையம் அது. எடை இல்லை என்றே சொல்லலாம். ஆனால் கூரான விளிம்பும் சூடும் அதற்கு எமன். உங்கள் வண்டியின் இழுவை வளையம் வெட்டிய தகடாக, விளிம்பு மழுங்காமல் இருந்தால் அங்கே மென் ஷேக்கிள் போடாதீர்கள்.

இன்னொன்று, வடம் டிரம்முக்குள் நுழையும் வாயிலான வழிகாட்டி: எஃகு வடத்துக்கு உருளை வழிகாட்டி, இழைக்கயிற்றுக்கு வழவழப்பான அலுமினிய வழிகாட்டி. எஃகு வடம் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பழைய வழிகாட்டியிலேயே புதுக் கயிற்றை ஓட்டினால் கயிறு நார்நாராகிவிடும்.

கொக்கிதான் வேண்டும், சட்டென்று மாட்டிக் கழற்ற அதுதான் வசதி என்பவர்களுக்குத் தானே பூட்டிக்கொள்ளும் கிரேடு 80 கொக்கி இருக்கிறது. பாரம் ஏற ஏற வாய் இறுகும்; பின்னாலுள்ள விசையை அழுத்தாமல் திறக்காது. கட்டுமானத் தளங்களில் நாங்கள் தினமும் பார்க்கும் பொருள். விசைக்குள் சேறு புகும் என்பதால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடவேண்டும். அதற்குச் சோம்பல்படுபவருக்கு அது சரிவராது.

வாங்கும்போது கொக்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தயாரித்தவரின் குறி, கிரேடு, அளவு, வேலைப்பளு வரம்பு ஆகியவை உலோகத்திலேயே எழும்பியோ பதிந்தோ இருக்கவேண்டும். இணையக் கடைகளில் “20 டன்” என்று ஸ்டிக்கர் ஒட்டிய பளபளப்பான கொக்கிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அந்த 20 டன் வேலைப்பளுவா, உடையும் எல்லையா என்று எங்கும் எழுதியிருக்காது. எண்ணுக்கு அர்த்தம் தெரியாத பொருளை நான் கூரையில் ஏணி கட்டக்கூடப் பயன்படுத்தமாட்டேன். பழைய கொக்கியைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது, கொக்கியின் குறுக்குப் பின், வடத்துக் கண்ணின் திம்பிளுக்குள் (கண்ணின் உட்புற உலோக வளையம்) ஆட்டமில்லாமல் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். மெல்லிய பின்னைப் போட்டுக் கம்பியால் கட்டி ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாதாரணக் கொக்கியோடு இன்னும் சில காலம் ஓட்டப்போகிறவர்கள், வாய் வானத்தைப் பார்க்கும்படி மாட்டுங்கள். நிமிர்ந்து நழுவினால் கொக்கி தரையை நோக்கிப் போக வாய்ப்பு அதிகம். பட்டையின் இரண்டு கண்களையும் கொக்கியிலேயே திணிக்காதீர்கள். அவை விரிந்து லாட்சைத் தள்ளும். நடுவில் ஒரு ஷேக்கிள் போடுங்கள். வடத்தை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அதிலேயே கொக்கியை மாட்டுவதும் கூடாது. டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் எதையும் மாட்டவே கூடாது. உருண்டை முறிந்து பறந்து வெளிநாடுகளில் உயிர்கள் போயிருக்கின்றன. வடத்தைச் சுற்றும்போது கொக்கியில் கட்டிய சிவப்புப் பட்டையைத்தான் பிடிக்கவேண்டும், கொக்கியை அல்ல. விரல் வழிகாட்டிக்குள் போனபிறகு ரிமோட்டில் பொத்தானைத் தேட நேரம் இருக்காது.

டிரம்மில் எஃகு வடம் என்றால் ஐந்து சுற்று, இழைக்கயிறு என்றால் பத்துச் சுற்று எப்போதும் மிச்சம் இருக்கட்டும் என்கிறது வின்ச் தயாரிக்கும் வார்ன் நிறுவனத்தின் அறிவுரை. வடத்தின் நடுவில் ஈரச் சாக்கோ கனமான போர்வையோ போடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் இழுபடும் வடத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும். செல்பேசியில் படம் எடுப்பவர்தான் எப்போதும் கிட்டே வந்து நிற்பார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்புங்கள்.

நம் வேலையிடங்களில் பாரந்தூக்கும் சாதனங்களை மனிதவள அமைச்சின் அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது சோதித்தாகவேண்டும். வார இறுதியில் நீங்கள் ஓட்டும் வண்டியின் கொக்கியை அப்படிப் பார்க்க ஆள் வரமாட்டார். நீங்களே செய்யலாம். புதுக் கொக்கியின் வாய் அகலத்தை வெர்னியரால் அளந்து எழுதி வையுங்கள். அடுத்த முறை அளக்கும்போது 5 விழுக்காடு விரிந்திருந்தாலோ, உடல் 10 விழுக்காடு தேய்ந்திருந்தாலோ, கண்ணுக்குத் தெரியும்படி முறுக்கியிருந்தாலோ தூக்கி எறியவேண்டும். பாரந்தூக்கும் கொக்கிகளுக்கான அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் வரம்பு இது. சூடாக்கி நிமிர்த்துகிறேன், வெல்டிங் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். சூடு பட்டால் எஃகின் பதம் போய்விடும். எறிவதற்கு முன் நுனியை கிரைண்டரால் அறுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதே கொக்கி இன்னொருவர் பம்பரில் தொங்கும்.