மூன்று மணிக்குள் முடிந்துபோகும் தேர்தல்

தேர்தல் வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞர் நான். 'போட்டியின்றித் தேர்வு' என்று செய்தி வந்ததும், ஊரே ஒரு மனதாக நின்றது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் முதலில் தேடுவது வாபஸ் வாங்கியவரைத்தான். யார் அவர், எதற்காக விலகினார்?

ஜூனியர்களுக்கு இதை விளக்க அயர்லாந்தின் டலமோர் தொகுதியைச் சொல்வேன். அப்போது அது கிங்ஸ் கவுண்டியில் இருந்தது, இன்று ஆஃபலி. 1918 ஏப்ரல் 19 அன்று அங்கே நடந்த இடைத்தேர்தலில், பிரிட்டனிடமிருந்து முழு விடுதலை கோரிய ஷின் ஃபேன் கட்சியின் டாக்டர் பேட்ரிக் மெக்கார்ட்டன் போட்டியின்றித் தேர்வானார். ஆள் அப்போது ஊரிலேயே இல்லை, அமெரிக்காவில் இருந்தார். இரண்டரை மாதம் முன்பு, பிப்ரவரியில், தெற்கு ஆர்மா இடைத்தேர்தலில் இதே மெக்கார்ட்டன் ஆயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் தோற்றிருந்தார். அடுத்து வாட்டர்ஃபோர்டு, கிழக்கு டைரோன் என்று அவர் கட்சிக்கு வரிசையாகத் தோல்விகள்.

இடையில் என்ன மாறியது? ஏப்ரல் 9 அன்று பிரிட்டிஷ் அரசு அயர்லாந்துக்கும் கட்டாய ராணுவச் சேவையை நீட்டிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தது. ஒரே வாரத்தில் அது கீழவையில் நிறைவேறியது. ஷின் ஃபேனுக்குப் போட்டியாக இருந்த மிதவாதக் கட்சியான, ஜான் டில்லன் தலைமையிலான அயர்லாந்து நாடாளுமன்றக் கட்சியினர் லண்டனில் அவையை விட்டு வெளியேறினார்கள். 18ஆம் தேதி டப்ளினில் எல்லாத் தரப்புத் தேசியவாதிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அந்தச் சூட்டில், எதிர்ப்பில் பிளவு தெரியக்கூடாது என்று டலமோரில் டில்லனின் கட்சி விலகிக்கொண்டது. காரணம் நியாயமானது. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனாலும் ஜூன் மாதம் கிழக்கு கேவனில் இரு கட்சிகளும் மறுபடி மோதின. சிறையில் இருந்தபடியே ஆர்தர் கிரிஃபித் அங்கே வென்றார். ஆக, ஏப்ரலில் நின்றது போட்டி மட்டும்தான், பகை அப்படியே இருந்தது. வாக்குப்பதிவு நடந்திருந்தால் யாருக்கு எவ்வளவு என்பதற்கு ஒரு எண்ணாவது பதிவாகியிருக்கும்.

என்னை உண்மையில் உறுத்துவது அதற்குப் பின் நடந்தது. 1918 டிசம்பர் பொதுத்தேர்தலில்தான் அங்கே முப்பது வயது கடந்த, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு முதன்முதலாக நாடாளுமன்ற வாக்குரிமை கிடைத்தது. கிங்ஸ் கவுண்டியில் மெக்கார்ட்டன் மறுபடியும் போட்டியின்றி வந்தார். ஷின் ஃபேன் வென்ற 73 இடங்களில் 25 அப்படி வந்தவை. 1921இல் தெற்கு அயர்லாந்தின் 128 இடங்களில் ஒன்றிலும் போட்டி இல்லை. 1922 ஜூன் வரை அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க ஒரு வாக்குச்சீட்டைத் தொட்டதில்லை.

இனி என் மேசைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில் வார்டு வேட்பாளர் ஒருவர் மனைவியோடு வந்தார். வெற்று வாபஸ் படிவத்தில் அவரிடம் முந்தைய இரவே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நகலைப் பார்த்தேன். கையெழுத்து கறுப்பு மையில், பெயரும் வார்டு எண்ணும் நீல மையில், வேறு கையால். "அப்போ எங்க தெருவுல யாருக்குமே ஓட்டு இல்லையா சார்?" என்று அந்த அம்மா கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் விதி இதுதான். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி, கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் வாபஸ் கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் அதை ரத்து செய்ய முடியாது. மிஞ்சியவர் ஒருவரே என்றால் 53ஆம் பிரிவுப்படி அவர் உடனே வெற்றி பெற்றவர். பாதி வழியில் நீதிமன்றம் தடுக்காது. நாமக்கல் தொகுதி வேட்புமனு ஒன்றைப் பற்றிய பொன்னுசாமி வழக்கில் 1952லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. விலகச் சொல்லிப் பணமோ வேறு ஆதாயமோ கொடுப்பது 123ஆம் பிரிவில் ஊழல் நடவடிக்கை. ஆனால் அதை நிரூபிக்கத் தேர்தல் மனு, அதாவது அந்தத் தேர்தலை எதிர்த்து வழக்கு, போட வேண்டும், 45 நாட்களுக்குள்.

அதனால் வேட்பாளராக நிற்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: பூர்த்தி செய்யாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், அண்ணன் தம்பி கேட்டாலும் சரி. யாராவது மிரட்டினால் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். என்னிடம் வந்தவரிடம் அந்த ரசீது இல்லை.