சாய்தளம் கட்டும் முன் சமதளத்துக்கு இடம் பாருங்கள்

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சிறிய மருந்துக் கடைக்குச் சாய்தளம் வரைந்து கொடுத்தேன். வெளித்தரைக்கும் கடைத் தளத்துக்கும் 1 அடி உயர வித்தியாசம். 12 அடி நீளத்தில், அளவு பிசகாமல் கொத்தனார் கட்டி முடித்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அதில் முதலில் ஏறி வந்தவர் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெண்மணி. யாரும் தள்ளவில்லை, தானே ஏறினார். கதவுவரை வந்ததும் நின்றுவிட்டார். கதவு வெளிப்பக்கம் திறப்பது. இழுக்க ஒரு கையை எடுத்தார். எடுத்த பக்கத்துச் சக்கரம் பின்னால் உருண்டது. பிடித்திருந்த சக்கரத்தைச் சுற்றி நாற்காலி சரேலென்று திரும்பியது. மறுபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிரேக் போட்டுவிட்டு இழுத்தாலும் கதவு அவருடைய கால்மிதியில்தான் வந்து இடிக்கும். "சார், ஏறிட்டேன். கதவைத் திறக்க மூணாவது கை வேணுமே?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தவறு கொத்தனாருடையது அல்ல, என்னுடையது. சாய்வு நேராகக் கதவில் போய் முட்டும்படி வரைந்திருந்தேன். கதவுக்கு முன்னால் சமதளமே இல்லை.

சாய்தளம் என்றதும் எல்லோரும் சாய்வைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்தக் கணக்கு எளிது. 1 அங்குல உயரத்துக்கு 1 அடி நீளம். பல நாடுகளின் விதிகள் சொல்லும் 1:12 என்பது இதுதான். நாற்காலியும் ஆளும் சேர்ந்து 90 கிலோ என்றால், இந்தச் சாய்வில் கைகள் ஏறத்தாழ ஏழரை கிலோவை விடாமல் மேலே தள்ள வேண்டும். இடம் போதவில்லை என்று நீளத்தைப் பாதியாக்கினால் அது 15 கிலோ. அதற்கு மேல், முன்சக்கரங்கள் எழும்பி நாற்காலி பின்பக்கம் கவிழும் ஆபத்து வேறு. 1:20 கிடைத்தால் நாலரை கிலோதான். இடம் இருந்தால் நான் அதைத்தான் கேட்பேன்.

அமெரிக்காவின் 2010 விதிகள், பழைய கட்டடத்தில் இடமே இல்லாவிட்டால் 6 அங்குல உயரம்வரை 1:10, 3 அங்குலம்வரை 1:8 என்று சலுகை தருகின்றன. இதை யாராவது 2 அடி உயரத்துக்குக் காட்டினால் ஏமாற வேண்டாம்.

அளப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உயரத்தைப் படியின் மேல்விளிம்பு வரை அளந்துவிட்டு, உள்தளம் அதைவிட ஓர் அங்குலம் உயரம் என்பதை மறந்துவிடுவார்கள். மேலே டைல்ஸ் ஒட்டப் போகிறார்களா என்றும் கேட்பதில்லை. வாசல் நெடுகத் தரை ஒரே மட்டமாக இருப்பதும் அரிது. மட்டக்குழாய் போட்டு இரண்டு ஓரத்திலும் பாருங்கள், உயர வித்தியாசம் எந்தப் பக்கம் குறைவோ அங்கே தொடங்கினால் சில அடிகள் மிச்சம். நீளத்தை அளக்க வேண்டியது சாய்வின் மேல் அல்ல, கிடைமட்டமாக.

இனி சமதளம். கதவுக்கு முன்னால் 5 அடிக்கு 5 அடி வேண்டும். நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்ப ஏறத்தாழ அவ்வளவு ஆகும். வெளிப்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால், கைப்பிடி இருக்கும் பக்கம் இன்னும் ஒன்றரை அடி காலியாக இருக்க வேண்டும். ஒதுங்கி நின்று இழுக்க அந்த இடம்தான். கீழேயும் 5 அடி சமதளம் வேண்டும், இறங்கி வருகிறவர் நேராகப் போக்குவரத்துக்குள் போய் நிற்கக் கூடாது அல்லவா? ஆக, 1 அடி உயரத்துக்கு மொத்தம் 22 அடி. கடைக்காரர் தலையில் கை வைக்கும் இடம் இதுதான்.

நேராக நீட்ட முடியாவிட்டால் முன்சுவரை ஒட்டி ஓட விடலாம். உள்தளத்தில் கொஞ்சம் பகுதியை இறக்கி, உயரத்தைப் பாதி உள்ளே, பாதி வெளியே என்று பிரிக்கலாம். கதவைச் சறுக்குக் கதவாக்கினால் அந்த ஒன்றரை அடிக்கான தேவை பெரும்பாலும் குறையும். பொது நடைபாதையில் சிமென்டைக் கொட்டி நீட்டுவது மட்டும் வேண்டாம். நடக்கிறவர் தடுக்கி விழுவார், மழைத் தண்ணீரும் தேங்கும். மடக்கி எடுத்து வைக்கும் அலுமினியச் சாய்தளம் எனக்குக் கடைசி வழி. அப்போதும், உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் ஓர் அழைப்பு மணி வேண்டும். மணியை நிற்கிறவர் தோள் உயரத்தில் வைத்த கடைகளையும் பார்த்திருக்கிறேன்!

கைப்பிடிக் கம்பி இரண்டு பக்கமும் தேவை. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர் ஏறும்போது வலப்பக்கம் பிடித்தால், இறங்கும்போது அந்தக் கம்பி இடப்பக்கம் வந்துவிடும். அப்புறம் எதைப் பிடிப்பார்? தரையிலிருந்து 34 முதல் 38 அங்குல உயரம். சாய்வு தொடங்கும் இடத்துக்கு 1 அடி முன்பே கம்பி தொடங்கி, முடிந்த பின்னும் 1 அடி நீள வேண்டும். கம்பிகளுக்கு நடுவே 3 அடி என்பது குறைந்தபட்சம், நான் 4 அடி போடுகிறேன். ஓரத்தில் 4 அங்குலத் திட்டு இல்லாவிட்டால் முன்சக்கரம் வெளியே நழுவிவிடும்.

மேற்பரப்புக்குப் பளபளக்கும் கிரானைட் கேட்பார்கள். மழை நாளில் அதில் செருப்போடு ஒருமுறை நடந்து காட்டச் சொல்வேன். ஈரம் காயும் முன், ஏறும் திசைக்குக் குறுக்காகத் துடைப்பம் இழுத்த கான்கிரீட் போதும்.

சின்னதாகத் தெரிந்து ஆளைக் கவிழ்ப்பது கதவடி விளிம்பு. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சிறியது. முக்கால் அங்குல விளிம்பு போதும், அது நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் உடம்பு மட்டும் முன்னால் போகும். விளிம்பு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது, கால் அங்குலத்துக்கு மேல் உள்ளதைச் சரித்து விட வேண்டும். வடிகால் மேல் போடும் கம்பிச் சட்டத்தின் இடைவெளியும் அரை அங்குலத்துக்குள்தான், அதன் பட்டைகள், நாற்காலி போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் உடைக்கும் முன் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, சக்கர நாற்காலியில் வருகிற ஒருவரை அழைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். அவருடைய நேரத்துக்குக் கட்டணமும் உண்டு. வரைபடத்தில் நான் பார்க்காததை அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அந்த மருந்துக் கடையில் முன்கண்ணாடியையும் கதவையும் 5 அடி உள்ளே தள்ளினோம். ஒரு அலமாரி வரிசை போயிற்று. கடைக்காரர் ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. கிடைத்த சதுரத்தைச் சுற்றி மஞ்சள் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். மறுமாதம் போனபோது, மஞ்சள் கோட்டுக்குள் ஒரு விளம்பரப் பலகை நின்றது. நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.