பொசிஷனிங் என்றால் நிலைப்படுத்தலா?

'உயர் அதிர்வெண் கம்பியில்லா வலையமைப்புகளில் சாதன நிலைப்படுத்தல் துல்லியத்தை மேம்படுத்துதல்.' இதைப் படித்தால் உங்களுக்கு என்ன புரிகிறது? ஆடிக்கொண்டிருக்கும் கைப்பேசியை யாரோ ஆணியடித்து நிறுத்தப் போகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 5ஜி பற்றித் தமிழில் எதைத் திறந்தாலும் இந்த 'நிலைப்படுத்தல்' வந்து நிற்கிறது. போதும் சாமி.

'பொசிஷனிங்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் எளிது. இலத்தீனில் 'பொனேரே' என்றால் வை, இடு. அதன் பெயர்ச்சொல் 'பொசித்தியோ'. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கும், இங்கே மொரிசியசில் கிரியோலுக்கும் போனது. வைப்பது என்பது வேர்ப்பொருள்தான். ஆனால் கைப்பேசித் துறையில் பொசிஷனிங் என்றால் யாரும் எதையும் எங்கும் வைப்பதில்லை. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள், அவ்வளவுதான். நம் ஊர்ப் பிள்ளைகளின் போனில் பிரெஞ்சில் 'லொக்காலிசாசியோன்' என்று இருப்பதும் இதைத்தான் சொல்கிறது. அதைத் தினமும் தட்டுகிறவர்கூடத் தமிழ் எழுத உட்கார்ந்ததும் ஆங்கில அகராதியைத் திறக்கிறார். 'பொசிஷன் - நிலை' என்று இருக்கும். பின்னால் ஒரு 'படுத்தல்' ஒட்டினால் கலைச்சொல் தயார்.

தமிழில் நிலைப்படுத்துவது என்றால் ஆடாமல் நிற்கச் செய்வது. விலையை நிலைப்படுத்தலாம், ஆட்சியை நிலைப்படுத்தலாம். 'கலைச்சொல்தானே, பழகினால் சரியாகிவிடும்' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பழகாது. ஏனென்றால் அசல் நிலைப்படுத்தலும் இதே இடத்தில் இருக்கிறது. தொழிற்சாலையில் ரோபோவின் கை ஒரு கருவியைக் குறித்த புள்ளியில் கொண்டுபோய் நிறுத்துகிறதே, அது நிலைப்படுத்தல். அந்த ரோபோ இப்போது எங்கே நிற்கிறது என்று 5ஜி டவர்கள் அளந்து சொல்வது வேறு வேலை. இரண்டுக்கும் துல்லியம் உண்டு, இரண்டிலும் பிழை வரும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எந்தப் பிழையைத் திருத்துவது?

உள்ளே நடப்பதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இந்த உயர் அதிர்வெண் அலைகளில், அதாவது 24 கிகாஹெர்ட்சுக்கு மேலே, 400 மெகாஹெர்ட்சும் அதற்கு மேலும் அகலமான அலைவரிசைப் பட்டை கிடைக்கிறது. பட்டை அகல அகல, அலை வந்து சேர்ந்த நேரத்தை நுணுக்கமாக அளக்கலாம். டவர் அனுப்பும் அலைக்கற்றை ஒடுங்கியிருப்பதால் அலை வந்த திசையும் தெரியும். அலை ஒரு நானோநொடியில் சுமார் 30 சென்டிமீட்டர் போகிறது. டவர்களின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று 10 நானோநொடி பிசகினால் 3 மீட்டர் பிழை. டவருக்கும் போனுக்கும் இடையே அலை போய்த் திரும்பும் நேரத்தைச் சேர்த்து அளந்தால் அந்தப் பிசகு கழிந்துவிடும். 2020-இல் முடிந்த 5ஜி தர வரையறையிலேயே இந்த முறை இருக்கிறது. பெரிய தொல்லை மறைப்புதான். தைப்பூசக் காவடிக் கூட்டத்தில் போனை வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். இந்த அலைகளை மனித உடம்பே மறைத்துவிடும். நேர்வழி அடைபட்டு, சுவரில் பட்டுத் திரும்பிய அலை தாமதமாக வந்தால், நீங்கள் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகக் கணக்கு வரும். அந்தச் சுற்றுவழி அலையை அடையாளம் கண்டு ஒதுக்குவதுதான் இங்கே 'மேம்படுத்துதல்'. இதில் எங்கே ஐயா நிலைப்படுத்தல்?

சரி, மாற்று என்ன? 'இருப்பிடம்' என்றால் குடியிருக்கும் முகவரி நினைவுக்கு வருகிறது. 'அமைவிடம்' கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும், ரோஸ்ஹில் பஸ்ஸில் போகிறவரின் பையில் இருக்கும் போனுக்குப் பொருந்தாது. வெறும் 'இடம்' போதும். இடமறிதல். குறளின் 50-ஆம் அதிகாரமே 'இடனறிதல்'தான். அங்கே வினைக்கு ஏற்ற இடத்தைத் தெரிவது என்று பொருள், இங்கே பொருள் இருக்கும் இடத்தைத் தெரிவது. ஆனால் சொல்லமைப்பு நமக்குப் புதிதல்ல. ஜிபிஎஸ்ஸுக்குப் 'புவியிடங்காட்டி' ஏற்கெனவே புழங்குவதால் அதோடும் ஒத்துப்போகும்.

1998-இல் மொரிசியஸ் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று போராடி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தவர்கள் நாம். எழுத்தின் வரிசைக்கு அவ்வளவு கோபம் வந்தது. எழுதிய சொல்லுக்குப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் 'தூய்மைவாதி' என்கிறார்கள். தூய்மை எனக்குப் பெரிதில்லை. 5ஜி, டவர், ரோபோ என்றுதான் நானும் எழுதுகிறேன். புரியாத தமிழைவிட 'பொசிஷனிங்' என்றே எழுதிவிட்டுப் போகலாம். அப்புறம், அந்த 'துல்லியத்தை மேம்படுத்துதல்' என்பதையும் விட்டுவிட்டு 'இடமறியும் பிழையைக் குறைத்தல்' என்று எழுதினால், எத்தனை மீட்டர் என்ற கேள்வியாவது வாசகருக்கு எழும்.