கூடாரத்தடியில் குறையும் பூச்சியினங்கள்

பாலைவனத்தில் பூச்சிகளைக் கணக்கெடுக்க, வாய் விளிம்பு தரைமட்டத்தோடு இருக்கும்படி சிறு கோப்பைகளைப் புதைத்து வைப்போம். ஊர்ந்து வரும் பூச்சிகள் அதில் விழும். பயணிகள் கூடாரமடிக்கும் இடங்களில் இந்தக் கோப்பைகள் பல நேரம் நிறைந்தே இருக்கும். அதை வைத்து அங்கே பூச்சி வளம் செழிக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விழுந்தவற்றை வகைபிரித்தால் பெரும்பகுதி ஓரிரு எறும்பினங்களாக இருக்கும். சிந்திய உணவும் கொட்டிய நீரும் அவற்றைப் பெருக்கியிருக்கும். மணலுக்கே உரிய வண்டுகள் அருகியிருக்கும். எண்ணிக்கையை விட இனங்களின் பட்டியலைத்தான் நான் நம்புவேன்.

பாலைவனம் என்பது ஒரே வாழிடமன்று. மணற்குன்று, சரளைச் சமவெளி, வறண்ட ஓடைப்படுகை, புதர்நிழல் என ஒவ்வொன்றிலும் வாழும் பூச்சிகள் வேறு. தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் வாழும் கருவண்டு ஒன்று பனிமூட்ட நாளில் குன்றின் முகட்டில் தலைகீழாய்ச் சாய்ந்து நிற்கும். முதுகில் படியும் ஈரம் வழிந்து வாய்க்கு வரும். கலிபோர்னியாவின் அல்கோடோன்ஸ் மணற்குன்றுகளுக்கே உரிய வண்டு ஒன்று பகலில் மணலுக்குள் புதைந்திருந்து அந்தியில் வெளிவருகிறது. மணல்மேட்டில் பொழுதுபோக்காக வண்டி ஓட்டுவோர் திரளும் இடமும் அதே குன்றுகள்தான்!

நிழல் தேடி மரத்தடிக்குப் போவது நம் இயல்பு. பூச்சிகளுக்கும் வேறு போக்கிடம் இல்லை. வட அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் வளரும் ஜோஷுவா மரத்துக்கு மகரந்தம் சேர்ப்பவை யுக்கா அந்துப்பூச்சிகள் மட்டுமே. அந்த மரத்தின் காய்க்குள் வளர்ந்து வெளியேறும் அவற்றின் புழுக்கள் மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகின்றன. அந்த மண்ணின் மேல்தான் நாம் வண்டியை நிறுத்துகிறோம்.

தரையில் கருமையாகப் படர்ந்திருக்கும் பொருக்கையும் கவனியுங்கள். நீலப்பச்சைப்பாசியும், பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் லைக்கனும் மணல்துகள்களைப் பிணைத்து உண்டாக்கிய உயிருள்ள மேலோடு அது. மிதிபட்டு நொறுங்கினால் மீள ஆண்டுகள் பல ஆகும். சில இடங்களில் தலைமுறையே கடந்துவிடும். அதுவரை காற்று மண்ணை அள்ளிச் செல்லும்.

ஆகவே, ஏற்கெனவே தடம் விழுந்த பாதையிலேயே செல்லுங்கள், புதுத்தடம் போடாதீர்கள். காய்ந்த கட்டைகளை விறகுக்குப் பொறுக்க வேண்டாம். கரையானுக்கு உணவும் வண்டுக்கு வீடும் அவைதாம். இரவில் வெள்ளை விளக்குக்குப் பதில் மங்கலான மஞ்சள் விளக்கு போதும். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். எச்சில் உணவைப் புதைக்காமல் உங்களோடு எடுத்துச் செல்லுங்கள். கல்லைப் புரட்டிப் பார்த்தால், இருந்தபடியே திருப்பி வையுங்கள்.