கண்ணாடியில் வழுக்கும் கெக்கோ

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மகன் வளர்க்கும் கிரெஸ்டட் கெக்கோ என்ற பல்லியை ஏர்கோன் அறையில் வைத்திருக்கிறார்கள், தினமும் தண்ணீர் தெளிக்கிறார்கள், நன்றாகத்தான் சாப்பிடுகிறது, ஆனால் கொஞ்ச நாளாகத் தொட்டியின் கண்ணாடியில் ஏறினால் வழுக்கி விழுகிறதாம். "மாமியார் இது ஏதோ சகுனம் என்கிறார், எனக்கோ அதற்கு வயதாகிவிட்டதோ என்று பயம்" என்று எழுதியிருக்கிறார்.

சகுனமும் இல்லை, அநேகமாக வயதும் இல்லை. அந்த ஏர்கோனையும் தண்ணீர்ப் போத்தலையும்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஆனால் ஏன் விழுகிறது என்று புரிய, விழாமல் இருப்பது எப்படி என்று தெரிய வேண்டும்.

பல்லியின் பாதத்தில் பசை கிடையாது, பசை சுரக்கும் சுரப்பியும் கிடையாது. உறிஞ்சி ஒட்டுகிறதா என்றால் அதுவும் இல்லை, காற்றே இல்லாத இடத்திலும் ஒட்டும். நம் வீட்டுச் சிச்சாக், அதாவது சுவர்ப் பல்லியும் ஒரு கெக்கோதான். இரவில் அது ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் பூச்சி பிடிக்க வரும்போது உள்ளிருந்து பாருங்கள், விரலுக்கு அடியில் வெளிறிய குறுக்கு மடிப்புகள் வரிசையாகத் தெரியும். அந்த மடிப்புகள் முழுக்க மயிர்கள். டோக்கேய் என்ற பெரிய கெக்கோவுக்கு ஒரு பாதத்தில் ஏறக்குறைய 5 லட்சம், ஒவ்வொன்றும் நம் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு மயிரும் நுனியில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து, கிளை நுனிகள் 0.2 மைக்ரோமீட்டர் (மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள தட்டைகளாக முடிகின்றன. இவ்வளவு சிறிய நுனி சுவரின் மூலக்கூறுகளை நெருங்கிவிட்டால் வான் டெர் வால்ஸ் விசை வேலை செய்யும். பள்ளியில் படித்ததுதான், எந்த இரண்டு பொருளுக்கும் இடையே உள்ள மிகப் பலவீனமான ஈர்ப்பு, தூரம் சற்றே கூடினாலும் காணாமல் போய்விடும். ஒன்று பலவீனம், கோடிக்கணக்கில் சேர்ந்தால் ஆளைத் தாங்கும். சரி, இதுவரை பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கெல்லர் ஆட்டம் என்பவரும் கூட்டாளிகளும் டோக்கேயின் ஒற்றை மயிரைப் பிடுங்கி அதன் விசையை அளந்தார்கள். மயிரைச் சும்மா ஒரு பரப்பில் வைத்தபோது அது ஒட்டவே இல்லை என்று சொல்லலாம். லேசாக அழுத்தி, அப்படியே பாதத்தின் திசையில் சுமார் 5 மைக்ரோமீட்டர் இழுத்த பிறகுதான் பிடித்தது, பிடித்ததும் 200 மைக்ரோநியூட்டன் வரை தாங்கியது! ஒரு பாதத்து மயிர் அத்தனையும் ஒரே நேரத்தில் இப்படிப் பிடித்தால் 10 கிலோ எடையைத் தாங்கும் என்று கணக்கு வருகிறது, அந்தப் பிராணியோ சில நூறு கிராம்தான். அப்புறம், மயிருக்கும் பரப்புக்கும் இடையிலான கோணம் 30 டிகிரியைத் தாண்டியதும் அது தானாகவே விட்டுவிடுகிறது. நடக்கும்போது பல்லி விரல் நுனியை மேல்நோக்கிச் சுருட்டுவது இதற்குத்தான், செலோடேப்பை ஒரு ஓரத்திலிருந்து உரிப்பதுபோல வரிசை வரிசையாக மயிர்கள் விடுபடும், மொத்தமும் 15 மில்லிவிநாடியில் முடிந்துவிடும். சாதாரண நிலையில் ஒட்டாது, இழுத்தால் ஒட்டும், சாய்த்தால் விடும். எந்தப் பசையிலும் இப்படி ஒரு குணத்தை நான் பார்த்ததில்லை. ஒட்டுவதற்குச் செலவாகும் சக்தியும் சொற்பம், செத்த பல்லியின் காலை இழுத்தால்கூடப் பிடிக்கிறது என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

பல்லிக் காலை ஆராய மக்கள் பணமா என்று கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இதே தத்துவத்தில் விண்வெளியில் பொருள்களைப் பிடிக்கும் கருவியை நாசா செய்து பார்த்திருக்கிறது. டோக்கேய் நம் தீபகற்பத்திலும் வாழும் விலங்கு, ஆனால் 2010, 2011 வாக்கில் நாம் அதை வைத்து என்ன செய்துகொண்டிருந்தோம்? எய்ட்ஸைக் குணமாக்கும் என்ற புரளியை நம்பி, எடை கூடக் கூட விலை ஏற்றி, இரவில் டார்ச்சோடு வேட்டையாடிக்கொண்டிருந்தோம். அந்த மருந்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. 2019-இல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அதைச் சேர்த்து ஏற்றுமதிக்கு அனுமதி கட்டாயமாக்க வேண்டிய நிலைமை வந்தது. காலண்டரின் பல்லி விழும் பலன் பக்கமாவது யாருக்கும் கெடுதல் செய்வதில்லை.

இப்போது வாசகியின் வீட்டுக் கெக்கோ. கிரெஸ்டட் கெக்கோ நியூ கலிடோனியா தீவுக்காரன், 28 டிகிரிக்கு மேல் போனால் வாடிவிடும், அதனால் நம் ஊரில் ஏர்கோன் போடுவதில் தப்பில்லை. ஆனால் ஏர்கோன் காற்றை உலர்த்திவிடும், உலர்ந்த காற்றில் சட்டை சரியாக உரியாது. பழைய தோல் விரலடியில் மெல்லிய உறைபோல ஒட்டிக்கொண்டால் மயிர்கள் சுவரைத் தொடவே முடியாது. மயிர்களும் தோலோடு சேர்ந்தவைதான், சட்டை உரிக்கும்போதுதான் புதிதாக வரும், ஆகவே சட்டை உரிப்பதற்கு முந்தைய சில நாள்களில் பிடி குறைவது சகஜம். இன்னொன்று, கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால் நுனிகளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நீர் புகுந்துவிடும், நல்ல காலும் வழுக்கும். காற்றில் ஈரம் வேண்டும், கண்ணாடியில் வெள்ளம் வேண்டாம். மகனிடம் சொல்லி, இரவில் இலைகள் மேல் தெளித்து, காலைக்குள் தொட்டி காயும்படி விடச் சொல்லுங்கள்.

விரல்களை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாக, வளையம்போல் தோல் மிச்சமிருந்தால் பிய்க்காதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் பாதம் நனையும் அளவுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கவிட்டு ஈரப் பஞ்சுக் குச்சியால் மெல்ல உருட்டி எடுங்கள். அந்த வளையம் இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும். வால் நுனிக்கு அடியிலும் பாருங்கள், இந்த வகைக்கு அங்கேயும் ஒட்டும் மயிர் உண்டு. விரல்கள் சுத்தமாக இருந்தும் அடுத்த சட்டை உரித்த பிறகும் வழுக்கினால் கால்சியம் குறைபாடாக இருக்கலாம். அப்போது ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது என்ன தீனி, என்ன பொடி கொடுக்கிறீர்கள் என்று எழுதி எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்.