கறள் தெரியும் இடமும் இரும்பு கரையும் இடமும்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாகக் குடியிருப்பவர்கள் யன்னல் கம்பிகளுக்கு எத்தனை தடவை பெயின்ற் அடித்தாலும், சில மழைக்காலங்களுக்குள் திருகாணி இறுக்கிய மூலைகளில் அது கொப்புளித்து, நகத்தால் சுரண்டினால் செம்மண் போலக் கறள் உதிர்வதைக் கண்டிருப்பார்கள். உப்புக்காற்று என்று ஒரே சொல்லில் காரணம் சொல்லிவிடுவோம். அது தவறில்லை, ஆனால் உப்பு நேரடியாக இரும்பைத் தின்பதில்லை.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றோடு வந்து கம்பியில் படிகின்றன. காற்றின் ஈரத்தைக் குறிக்கும் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டுக்கு அதில் பாதிகூட வேண்டியதில்லை. ஆகவே மழை பெய்யாத நாளிலும் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது.

அந்தப் படலம் ஒரு சிறு மின்கலம். இரும்பின்மேல் வைத்த ஒரு உப்புநீர்த் துளியைக் கொண்டே இதை 1920களில் கேம்பிரிட்ஜில் உலோக அரிப்பை ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் விளக்கினார். துளியின் விளிம்பில் ஒட்சிசன் தாராளமாகக் கிடைக்கும், நடுவில் கிடைக்காது. நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாக, ஒட்சிசன் குறைந்த நடுப்பகுதியே அனோட்டாகி, அங்குதான் இரும்பு இலத்திரன்களை இழந்து கரைகிறது. கதோட்டான விளிம்பில் ஒட்சிசன் அந்த இலத்திரன்களை ஏற்று ஐதரொட்சைட்டு அயன்களை உண்டாக்க, இரண்டுக்கும் இடையில் கறள் வளையமாகப் படிகிறது. உப்பின் வேலை, மின்னோட்டத்துக்கு வழிவிடுவதும் இரும்பின் காப்புப் படலத்தைக் குலைப்பதுமே. திருகாணித் தலையின் அடியிலும் உரிந்த பெயின்ற்றின் உட்புறத்திலும் கம்பி முதலில் மெலிவது இதனால்தான். கறளின் மேலேயே பெயின்ற் அடித்துவிட்டுப் போவது, என் பார்வையில், காசைக் கடலில் போடுவதற்குச் சமம்.

கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் கதை இன்னும் சிக்கலானது. பிஎச் 12.5ஐயும் தாண்டும் காரத்தன்மையால் கம்பியைச் சுற்றி, சில நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுப் படலம் உருவாகி அதைக் காக்கிறது. ஆண்டுக்கணக்காக ஊறிவரும் குளோரைட்டு அதைத் துளைத்தபின், உண்டான கறள் தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்பதால், பல்கனியின் அடிப்பக்கம் வெடித்துப் பாளம் பாளமாக விழுகிறது. விழுந்த இடத்தை மட்டும் கொத்திப் புதிய சீமெந்து பூசினால், அதுவரை அனோட்டாக இருந்து அயலிலுள்ள கம்பியைத் தன்னையறியாமல் காத்துவந்த பகுதி கதோட்டாகிவிடுகிறது. உப்பு ஏறிய அயற்பகுதி இப்போது அனோட்டாகி, பூச்சின் ஓரத்திலேயே அடுத்த வெடிப்பு கிளம்பும்.