கம்பளி வாடை அடிக்கும் கூடாரம்

குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த சித்தி, அங்கே பார்த்த கட்டடங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரு கூடாரத்தைப் பற்றித்தான். குளிர்காலம் வந்தால் அவர் வேலை செய்த குடும்பம் பாலைவனத்தில் போய்ச் சில நாட்கள் தங்குமாம். சமைக்க அவரையும் கூட்டிப்போவார்கள். ஒரு நாள், கொஞ்சம் தள்ளி ஆட்டு மந்தையோடு தங்கியிருந்த வயதான தம்பதிக்கு ரொட்டி கொடுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கறுப்புக் கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்தபோது சித்தியின் கை கூரையில் பட்டது.

"அப்படியே நம்ம அம்மாயியோட கம்பளிதான். தடவுனா கை குத்துது. அதே வாடை."

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களில் வாழும் பழைய ஆட்களுக்குக் கம்பளி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் சீட்டும் பிளாஸ்டிக்கும் வருவதற்கு முன்னால், கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொண்ட கரடுமுரடான கறுப்புப் போர்வை அது. மலையகத்து வட்டவளையில் ஒரு வருஷத்தில் 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. குவைத்தில் பெய்வதோ சுமார் 100 மில்லிமீட்டர். ஓரிடத்தில் மழைக்கும் இன்னோரிடத்தில் வெயிலுக்கும் மனிதர்கள் ஒரே மாதிரியான பொருளை எடுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறார்கள். எப்படி இரண்டு இடத்திலும் அது வேலை செய்கிறது?

ஆட்டு மயிராக இருந்தாலும் செம்மறி மயிராக இருந்தாலும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான். நம் நகத்திலும் தலைமுடியிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதம். ஒவ்வொரு இழையின் வெளித்தோலும் மீன் செதில் போல அடுக்கடுக்காக, லேசான கொழுப்புப் பூச்சோடு இருக்கும். அதில் விழும் நீர்த்துளி உருண்டோடப் பார்க்கும். இழையின் உட்பகுதிக்கோ நீராவி மீது பெரிய ஆசை. செம்மறிக் கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீத ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. அப்படி இழுக்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளியே விடும். தூறலில் நிற்கும்போது கம்பளிக்குள் கதகதவென்று இருக்கும் என்று அம்மாயி சொன்னது வெறும் நினைப்பு அல்ல.

அரபுப் பாலைவனங்களில் மந்தையோடு திரியும் பெதூயின் இடையர்கள் தங்கள் கூடாரத்தை 'பைத்துஷ் ஷஅர்' என்பார்கள். மயிர் வீடு என்று பொருள். வெள்ளாட்டு மயிரைப் பெண்கள் கையாலேயே நூற்று, தரையில் விரித்த தறியில் நீண்ட பட்டைகளாக நெய்து, பட்டைகளை ஒன்றோடொன்று தைத்துக் கூரை ஆக்குகிறார்கள். நெசவு நெருக்கமானதல்ல. உள்ளே இருந்து அண்ணாந்து பார்த்தால் ஊசி முனை அளவு வெளிச்சப் புள்ளிகள் நட்சத்திரம் மாதிரித் தெரிந்தன என்றார் சித்தி. அந்த ஓட்டைகள்தான் கூடாரத்தின் உயிர்.

உச்சி வெயிலில் சூரியன் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறக்குறைய 1000 வாட் கொட்டுகிறது. கை விரித்த அகலத்துக்கு ஓர் இஸ்திரிப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கூரை இதில் பெரும்பகுதியை விழுங்கிச் சூடேறுகிறது. ஆனால் மயிருக்குள்ளும் இழைகளுக்கு இடையிலும் சிக்கியிருக்கும் காற்று அந்தச் சூட்டைக் கீழே எளிதில் கடத்தாது. கூரையை ஒட்டிச் சூடான காற்று இலேசாகி, நெசவின் ஓட்டைகள் வழியாக மேலே கசிந்து போகிறது. பக்கத் துணிகளைச் சுருட்டிவிட்டால் அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று வரும். மெல்லிய வெள்ளைத் துணி என்றால் வெளிச்சத்தில் ஒரு பங்கு ஊடுருவி உள்ளே விழுந்துவிடும். தடித்த கறுப்பு மயிர் தரும் நிழல் அடர்த்தியானது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துத் தகரக் கூரையை இதோடு வைத்துப் பாருங்கள். தகரம் மெல்லியது, வெப்பத்தை நன்றாகக் கடத்துவது, ஓட்டை இல்லாதது. பகலில் சூட்டை அப்படியே காம்பராவுக்குள், அதாவது லயத்து அறைக்குள், இறக்கும். இரவில் தெளிந்த வானத்தை நோக்கித் தன் வெப்பத்தை எல்லாம் விட்டுவிட்டுச் சில்லிட்டுப் போகும். உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சிலிருக்கும் நீராவி அதில் பட்டுத் துளியாகும். தை மாத விடியலில் பாயில் சொட்டும் தண்ணீர் அதுதான். மயிர்க் கூரையில் நீராவி வெளியேற வழி இருப்பதால் இந்தச் சொட்டு இல்லை. ஆடு மேய்ப்பவர்கள் கட்டும் வீட்டில் இருக்கும் இந்த அக்கறை, தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் இல்லையே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பாலைவனத்திலும் மழை வரும், குளிர்காலத்தில், அடித்துக்கொண்டு. முதலில் கூரை கொஞ்சம் ஒழுகும். பிறகு இழைகள் நீரைக் குடித்துத் தடித்து ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். நனைந்த சணல் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தவர்களுக்கு இந்தத் தடிப்பு தெரியும். வெயில் வந்ததும் காய்ந்து, ஓட்டைகள் மறுபடி திறக்கும்.

பெதூயின்கள் உடுத்தும் கறுப்பு அங்கியின் கதையும் இதேதான். 1980இல் அமிராம் ஷ்கோல்னிக்கும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் நெகேவ் பாலைவனத்தில் நண்பகலில் ஓர் ஆளை நிற்கவைத்து அளந்து பார்த்தார்கள். முடிவு 'நேச்சர்' இதழில் வந்தது. கறுப்பு அங்கி, வெள்ளை அங்கி, இராணுவ உடை, அரைக்கால்சட்டை என்று மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிகம் சூடானது. ஆனால் தோலுக்குப் போய்ச் சேர்ந்த வெப்பம் இரண்டிலும் ஒன்றே. தொளதொளவென்ற அங்கிக்குள் மேலே எழும் காற்று, கூடுதல் சூட்டைத் தோலுக்கு வருவதற்குள்ளேயே தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

இவ்வளவு பாடும் தண்ணீருக்காகத்தான். ஒரு லீட்டர் வியர்வை ஆவியாகும்போது உடம்பிலிருந்து சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துப்போகிறது. வெயிலைத் துணியே தடுத்துவிட்டால் அந்த ஒரு லீட்டரைக் கிணற்றிலிருந்து சுமக்க வேண்டாம். அதனால் இடையர்களின் நாள் விடியலுக்கு முன் பால் கறப்பதில் தொடங்கி, உச்சியில் நிழலுக்குள் ஒடுங்கி, வெயில் தாழ்ந்ததும் மறுபடி மந்தையோடு நடக்கிறது.

எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை ஆட்டின் வயிறு தீர்மானிக்கிறது. கறுப்புப் பெதூயின் ஆடு இரண்டு முதல் நான்கு நாட்களுக்கு ஒருமுறை தண்ணீர் குடித்தால் போதும். குடிக்கும்போது தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகச் சில நிமிடங்களில் குடித்துவிடும். அவ்வளவும் ஒரேயடியாக இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் ஊதி வெடித்துவிடும். ஆடு அதை இரைப்பையின் முதல் அறையில் தேக்கிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. நம் ஊரில் மாட்டை முளையில் கட்டி, கயிறு எட்டும் வரை மேயவிடுவோமே, மந்தையின் நடையும் அது போலத்தான். அங்கே கிணறு முளை, தாகம் கயிறு. ஒட்டகத்தின் கயிறு இன்னும் நீளம். அதனால் வட கென்யாவின் ரெண்டில்லே மக்கள் மந்தையைப் பிரித்துக்கொள்கிறார்கள்: இளைஞர்கள் ஒட்டகங்களோடு தொலைவுக்குப் போவார்கள்.

இந்த நெசவு இப்போது குறைந்துவருகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் சதூ நெசவை 2011இல் யுனெஸ்கோ, அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பொலியெஸ்டர் கூடாரம் மலிவு, எடை குறைவு. ஆனால் அதன் இழை தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் நனைந்தால் தடித்து அடைத்துக்கொள்ளவும் தெரியாது.

சித்தி பார்த்த கூடாரத்தின் கூரை ஒரே கறுப்பாக இல்லையாம். நடுவில் சில பட்டைகள் கருகருவென்று புதிதாகவும், மற்றவை வெயிலில் வெளுத்துப் பழுப்பாகவும் இருந்திருக்கின்றன. நைந்த பட்டையை மட்டும் பிரித்தெடுத்துப் புதியதைத் தைப்பார்கள். பழையது பின்பக்கத் திரையாகும். அந்தப் பெண்மணி பேசிக்கொண்டே கையில் தக்களியைச் சுழற்றி மயிரைத் திரித்துக்கொண்டிருந்தாராம். ஒரு கூடாரத்துக்கு எத்தனை ஆட்டு மயிர் வேண்டும் என்று சித்தி கைச்சாடையில் கேட்டார். அவர் தக்களியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து வெளியே வந்து, மணலில் படுத்திருந்த மந்தை முழுவதையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாராம்.